பல் வலி போச்சு. 'பில்' வலி வந்தாச்சு!

"பல்லைப் பிடுங்க வேண்டாம், காப்பாத்திடலாம், 4 ஆயிரம் ஆகும்னாங்க. முடிச்சு வெளியே வந்தா பில் 9 ஆயிரம்! பொண்ணு ஸ்கூல் பீசுக்கு வெச்சிருந்த பணம் சார்..."

இப்படிப் புலம்பினார், வடசென்னையைச் சேர்ந்த தையல் தொழிலாளி ஒருவர். அவருக்குக் கடைவாய்ப் பல்லில் 'ரூட் கனால்' என்கிற வேர் சிகிச்சை.

4 ஆயிரம், 9 ஆயிரம் ஆனது எப்படி?

வேர் சிகிச்சைக்குப் பல்லைப் பொறுத்தே கட்டணம். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே வேர்க்குழாய்தான். கடைவாய்ப் பல்லுக்கு 3 அல்லது 4 இருக்கும். ஒவ்வொன்றையும் சுத்தம் செய்து அடைக்க வேண்டும். வேலை கூடினால் காசும் கூடும்.

'கேப்' தனி!

அவரது பில்லில் எக்ஸ்ரே 500 ரூபாய்; பல்லின் மேல் மாட்டும் 'கேப்' 4,500. இரண்டும் முதலில் சொன்ன தொகையில் சேரவில்லை. கேப்பில் உலோகம், செராமிக், சிர்கோனியா என்று ரகத்துக்கு ஒரு விலை.

கேப் வேண்டாம் என்று விட்டுவிடலாமா? முன்பல் அதிகம் சேதமாகாமல் இருந்தால், கேப் தேவைப்படாமலே போகலாம். கடைவாய்ப் பல் அப்படி அல்ல. கடிக்கும்போது பிளந்தால் பிடுங்கத்தான் வேண்டிவரும். கொடுத்த 4 ஆயிரமும் போச்சு!

வசதி இல்லாதவர்களுக்குக் கோட்டை ரயில் நிலையம் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே செலவு குறைவு.

தனியாரிடம் போகிறவர்கள், நாற்காலியில் சாயும் முன்பே கேட்டுவிடுங்கள்: "எக்ஸ்ரே, கேப் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு டாக்டர்? எழுதிக் கொடுங்க."

வாய் திறந்து கேட்பதற்குக் கட்டணம் கிடையாது!