லினக்ஸுக்கு மாறுமுன் மாதிரி பார்ப்போம்

குத்தூசியால் மூட்டையைக் குத்தி, நாலு மணியை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்காமல் எந்த மண்டிக்காரரும் லோடு இறக்குவதில்லை. கடைக் கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் நம்மவர்கள் பலர், சர்வீஸ் செய்ய வந்தவர் சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள். அல்லது பயந்துபோய் எதையும் மாற்றாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டத்துக்கு வழி.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கு வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. தனிநபர்களுக்கு ஓராண்டும், நிறுவனங்களுக்குக் கட்டணத்தின் பேரில் மூன்றாண்டு வரையும் நீட்டிப்பு அறிவித்தது. விண்டோஸ் 11 போடலாமே என்றால், அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. இன்டெல் பிராசசராக இருந்தால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்கிறது. 2017-க்கு முன் வாங்கிய மெஷின் அநேகமாகத் தேறாது. மெஷின் என்னவோ நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். தூக்கிப் போட மனசு வருமா?

திருத்தம் போடாத மெஷினுக்கு என்ன நேரும் என்பதை 2017 மே மாதம் உலகமே பார்த்தது. வான்னாக்ரை என்ற வைரஸ் ஃபைல்களைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. அடிபட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை அதைப் போட்டுக்கொள்ளாத மெஷின்கள். நமக்கோ கணக்கு போனால் கடன்பாக்கி மட்டும் போவதில்லை. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்கு விவரம் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாத்து வைக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் லினக்ஸ் என்ற பேச்சு அடிபடுகிறது. 1991-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது அது. மூல நிரல் யாரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது. உரிமக் கட்டணம் இல்லை. பழைய மெஷினிலும் ஓடும். நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' இந்த இனம்தான். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு அதையும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்களா என்பது வேறு கதை.

லினக்ஸை மாதிரி பார்க்க நல்ல வழி, அதை நேரே கடை மெஷினில் ஏற்றாமல், அந்த மெஷினுக்குள்ளேயே ஒரு கற்பனைக் கம்ப்யூட்டரை உண்டாக்கி அதில் ஏற்றுவது. விர்ச்சுவல் மெஷின் என்று இதற்குப் பெயர். பெரிய கம்ப்யூட்டர்களில் 1960-களிலேயே ஐ.பி.எம். செய்து பார்த்த வித்தை. 1999-இல் விஎம்வேர் நிறுவனம் சாதாரண மேசைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது. பார்வைக்கு அது திரையில் ஒரு ஜன்னல்தான். உள்ளே இருக்கும் லினக்ஸுக்குத் தனக்கென்று ஒரு டிஸ்க், ரேம், பிராசசர் இருப்பதாக எண்ணம். உண்மையில் அந்த டிஸ்க், நம் டிஸ்கில் கிடக்கும் ஒரே ஒரு பெரிய ஃபைல். உள்ளே எதைக் கலைத்துப் போட்டாலும் வெளியே இருக்கும் பில்லிங் கலையாது. வேண்டாமென்றால் அந்த ஃபைலை அழித்தால் முடிந்தது.

இதற்கு விர்ச்சுவல்பாக்ஸ் என்ற சாஃப்ட்வேர் போதும். ஆரக்கிள் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. அடிப்படைத் தொகுப்பு திறந்த மூலம், கடைக்கும் இலவசம். ஆனால் பக்கத்திலேயே 'எக்ஸ்டென்ஷன் பேக்' என்று இன்னொன்று இருக்கும். அது சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும்தான் இலவசம்; வியாபாரத்துக்குக் காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டும். அதை இறக்கவே வேண்டாம். முன்பு வேகமான யு.எஸ்.பி. வசதிக்காக அது தேவைப்பட்டது; 7.0 பதிப்பிலிருந்து அந்த வசதி அடிப்படைத் தொகுப்பிலேயே வந்துவிட்டது.

மெஷினில் 8 ஜி.பி. ரேம் இருந்தால் நல்லது. அதில் 3 அல்லது 4 ஜி.பி.யை உள்ளே கொடுக்கலாம். 4 ஜி.பி. மட்டும் உள்ள மெஷினில் இந்த முயற்சி எரிச்சலைத்தான் தரும். டிஸ்கில் 30 ஜி.பி. காலி இடம் வேண்டும். புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் ஏற்றது. கீழே பட்டை, மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகிய கைக்குப் பழக்கமாகவே இருக்கும். மெஷின் நகரவே மறுத்தால், பயாஸில் விர்ச்சுவலைசேஷன் என்ற அமைப்பு அணைந்து கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்றியபின் என்ன சோதிப்பது? பாட்டுக் கேட்பதும் படம் பார்ப்பதும் சோதனை ஆகாது. முதலில் பிரிண்டர். யு.எஸ்.பி. பிரிண்டரை விர்ச்சுவல்பாக்ஸ் மெனுவிலிருந்து உள்ளே திருப்பிவிட்டு ஒரு பில் அடித்துப் பாருங்கள். டாட் மேட்ரிக்ஸ் பெரும்பாலும் எப்சன் டிரைவரில் ஓடிவிடும். தெர்மல் பிரிண்டரில் சில கம்பெனிகளே லினக்ஸ் டிரைவர் தருகின்றன, சோதிக்காமல் சொல்வதற்கில்லை. பார்கோடு ஸ்கேனர் தொந்தரவு தராது. பெரும்பாலான ஸ்கேனர்கள் கீபோர்டு போலவே வேலை செய்வதால் உள்ளேயும் அப்படியே ஓடும். அடுத்தது தமிழ். யூனிகோடில் அடித்தவை நேராகத் தெரியும். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். பல கடைகளில் விலைப்பட்டியல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கிடக்கிறது. அந்த எழுத்துருவையும் உள்ளே ஏற்றாவிட்டால் அது வெறும் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். ஜி.எஸ்.டி. தளம் பிரவுசரில் ஓடுவது. தனிநபர் கடையும் கூட்டு வியாபாரமும் ஓ.டி.பி. வழியே கையெழுத்திடலாம். கம்பெனிகளும் எல்.எல்.பி.களும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகிக் கையெழுத்திடுவது உண்டு. அந்த டோக்கன் உள்ளே வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு பேச்சு.

பெரிய முட்டுக்கட்டை கணக்கு சாஃப்ட்வேர். டாலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. லினக்ஸுக்குத் தனிப் பதிப்பு இல்லை. நம்மூர் பில்லிங் சாஃப்ட்வேர்கள் பலவும் அப்படியே. இதற்கு நாம் சிபாரிசு செய்வது தலைகீழ் ஏற்பாடு: மாதிரி பிடித்துப்போனால் மெஷினில் லினக்ஸை வெளியே வைத்து, விண்டோஸையும் கணக்கையும் விர்ச்சுவல் மெஷினுக்குள் அடைத்துவிடுவது. இன்டர்நெட், மெயில், பேங்க் எல்லாம் வெளியே. உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு இன்டர்நெட் கிடையாது. அந்த விண்டோஸுக்கு முறையான உரிமம் வேண்டும். மெஷினோடு வந்த உரிமம் செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் சாஃப்ட்வேரிலிருந்தே இ-இன்வாய்ஸ் எடுப்பதால் அவர்களுக்கு இந்த ஏற்பாடு அப்படியே பொருந்தாது.

சிலர், விண்டோஸ் 10 வெளியே ஓடட்டும், பேங்க் வேலையை மட்டும் உள்ளே இருக்கும் லினக்ஸில் செய்தால் பத்திரம் என்கிறார்கள். அது தவறு. வெளியே வைரஸ் புகுந்தால், நாம் உள்ளே அடிக்கும் பாஸ்வேர்டும் அதன் கண்ணில் பட்டே உள்ளே போகிறது. தெருக்கதவைத் திறந்து போட்டுவிட்டு உள்ளறையை மட்டும் பூட்டும் வேலை இது.

'ஸ்னாப்ஷாட்' என்ற வசதியிலும் எச்சரிக்கை தேவை. இன்றைய நிலையைப் படம் பிடித்து வைத்து, பிறகு கெட்டால் அந்த நிலைக்கே திரும்பலாம். சோதனைக்கு இதைவிட நல்ல வசதி இல்லை. ஆனால் உண்மையான பில்களை உள்ளே போட ஆரம்பித்தபின் திங்கட்கிழமைப் படத்துக்கு வெள்ளிக்கிழமை திரும்பினால், நடுவில் போட்ட பில் ஒன்றுகூட இருக்காது. ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. டிஸ்க் போனால் உள்ளே இருப்பதும் சேர்ந்தே போகும். வெளி டிஸ்கில் தினமும் ஒரு நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

வேகத்தை வைத்து மட்டும் லினக்ஸுக்கு மார்க் போட்டுவிடாதீர்கள். இரண்டு சிஸ்டம் ஒரே மெஷினைப் பங்குபோடுவதால் ஜன்னலுக்குள் மந்தமாகத்தான் இருக்கும். உண்மை வேகத்தையும், வைஃபை, திரை ஒத்துப்போவதையும் பார்க்க, அதே லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, மெஷினில் நிறுவாமல் அதிலிருந்தே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

சோதனையை எப்போது தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: மாதாந்திரத் தாக்கல் செய்பவர்கள் 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி 3பி இரண்டையும் முடித்துவிட்டு 21-ஆம் தேதி தொடங்கலாம். அடுத்த 11-ஆம் தேதிக்குள் கணக்குப்பிள்ளைக்கும் கை பழகியிருக்கும். தீபாவளி, பொங்கல் சமயத்தில் யாரும் இதில் கை வைக்க வேண்டாம்.