பத்தடி உயரமே போதும்

ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றவும் ஷீட் போடவும் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைக்கிற இரண்டு பேரையும் நாலு வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள். கூரையில் நடப்பதுதான் ஆபத்து என்று நினைக்கிறோம். ஏணியை யாரும் கண்டுகொள்வதில்லை.

ஏணியை விட்டுக் கூரையில் கால் வைக்கும் அந்தக் கணத்தைக் கவனித்துப் பாருங்கள். தோளில் டிரில்லிங் மெஷின் தொங்குகிறது, ஒரு கையில் போல்ட்டுப் பை. மிச்சமிருப்பது ஒரு கைதான். ஏணியோ கூரை விளிம்போடு முடிந்துவிடுவதால் அந்தக் கைக்கும் பிடிமானம் இல்லை. ஏணிப்படியில் இருக்கும் கால் உந்துகிறது. டைல்ஸ் தரையில் ஏணியின் அடி வழுக்குகிறது.

ஏணி விளிம்பைத் தாண்டி மூன்றடி நீண்டிருக்க வேண்டும். நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். உச்சியைக் கயிற்றால் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்வரை கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அனுபவமுள்ள மேஸ்திரிக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் கூலி பேசும்போது முதலில் வெட்டப்படுவது அந்தக் கீழே நிற்கும் ஆளின் சம்பளம்.

பத்தடியிலிருந்து விழ ஒரு நொடிகூட ஆகாது. தரையில் மோதும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். காலூன்றி விழுந்தால் குதிகால் எலும்பு நொறுங்கும். அதே அதிர்ச்சி மேலேறி முதுகெலும்பையும் நசுக்கலாம். குதிகால் உடைந்து வருபவரின் முதுகையும் மருத்துவர்கள் சோதிப்பது அதனால்தான்.

விழுந்தவரைக் கைகாலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. அதுவரை தப்பியிருந்த தண்டுவடம் அந்த மடக்கலில் நசுங்கிவிடக்கூடும். அசைக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். தண்டுவடம் போனால் நடை மட்டுமா போகிறது? சிறுநீர் கழிப்பது கட்டுப்பாட்டில் இருக்காது, படுக்கைப்புண் வரும், அந்த வீட்டின் வருமானம் நின்றுபோகும். விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து சக்கர நாற்காலியிலேயே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையத்தை ஏற்படுத்தினார். அப்படிப்பட்ட இடங்களுக்கு எத்தனை கூலித் தொழிலாளிகளால் போய்ச்சேர முடியும்?

1996-ல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேராவது வேலை செய்யும் இடங்களுக்கென எழுதப்பட்டது. பத்து லட்சத்துக்கு உட்பட்ட சொந்த வீட்டு வேலைகளை அது விட்டுவிட்டது. ஷீட் மாற்ற வரும் இரண்டு பேர் அதற்குள் வரவேயில்லை. அவர்களுக்கென இருப்பது 1994 முதல் இயங்கும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். அதற்கும் பதிவு வேண்டும், புதுப்பித்தல் வேண்டும். வேலைக்கு ஆள் பேசும்போது வாரிய அட்டை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஏணி பிடிக்கும் ஆளின் கூலியையும் சேர்த்தே பேசுங்கள்.