நகலெடுத்த எண்கள்

1996-இல் ஜப்பானில் வெளியான முதல் போக்கிமான் கேம்களில், சாஃப்ரான் நகர ஜிம்மில் நிற்கும் ஒரு பாத்திரம் ஆட்டக்காரருக்கு யோசனை சொல்லும்: சைக்கிக் வகைப் போக்கிமான்கள் பேய்க்கும் பூச்சிக்கும் மட்டும்தான் பயப்படுமாம். அதை நம்பி 'லிக்' என்ற பேய் வகைத் தாக்குதலை ஏவினால் எதிரிக்கு ஒரு கீறல்கூட விழாது. கேமின் நிரலில் அந்த இடத்தில் இருந்த பெருக்கு எண் பூஜ்ஜியம். கேமே வாய்திறந்து சொன்ன தகவல் பொய்யாக இருந்தது.

இதைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். அதே கேமில் உள்ள 'ஃபோகஸ் எனர்ஜி' விஷயம் இன்னும் சிக்கல். பலத்த அடி விழும் வாய்ப்பை நான்கு மடங்காக உயர்த்த வேண்டிய உத்தி அது. நிரல் பிழையால் அதை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. விளையாடுகிறவர் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? நூற்றுக்கணக்கான அடிகளை எண்ணி எழுதினால்தான் சந்தேகமே வரும். கேமின் நிரலை ரசிகர்கள் வரிவரியாகப் பிரித்துப் படித்து, எல்லோரும் பார்க்கும்படி வைத்த பிறகுதான் இத்தகைய கேள்விகளுக்கு ஐயமற்ற விடை கிடைத்தது.

1994-இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 6' கேமிலும் இதே கதை. உடல் தாக்குதலிலிருந்து தப்பிக்க உதவுவதாகத் திரையில் காட்டப்படும் எண் உண்மையில் எதற்குமே பயன்படவில்லை. மாயத் தாக்குதலைத் தடுக்கும் எண்ணே இரண்டு வேலையையும் பார்த்தது. 2006-இல் கேம்பாய் அட்வான்ஸ் பதிப்பில் இதைச் சரிசெய்தார்கள். அதனால் இந்த எண்களை உயர்த்தும் கேடயங்களில் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பதிப்புக்கு ஒரு பதில். எந்தப் பதிப்பு என்று குறிப்பிடாத அட்டவணை, பாதி வாசகர்களைத் தவறாக வழிநடத்தும்.

ரசிகர் தளம் நடத்துபவர்களின் தலைவலி இதுதான். அவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாமல், வேலை முடிந்த இரவுகளில் உழைப்பவர்கள். ஒரு கேமின் எல்லாப் பொருட்களையும் தனியாளாகச் சோதிக்க முடியாது. முன்பு யாரோ தொகுத்ததை எடுத்துத்தான் ஆக வேண்டும். ஐந்து தளங்களில் ஒரே எண் இருந்தால் ஐந்து பேர் சோதித்தார்கள் என்று பொருளல்ல. ஒருவர் எழுதியதை நால்வர் எடுத்துப் போட்டிருக்கலாம். எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பு முதல் நகலிலேயே உதிர்ந்துபோகிறது.

ஆன்லைன் கேம்களில் நிலைமை இன்னும் மோசம். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' போன்றவற்றில், ஓர் அரக்கனைக் கொன்றால் எந்தப் பொருள் எத்தனை சதவீத வாய்ப்பில் கிடைக்கும் என்ற கணக்கு நிறுவனத்தின் சர்வரில் பூட்டிக் கிடக்கிறது. ஆட்டக்காரரின் கணினியில் பிரித்துப் பார்க்க எதுவுமில்லை. எனவே தாட்பாட், வவ்ஹெட் போன்ற தளங்கள் ஆட்டக்காரர்களின் கணினிகளிலிருந்து வந்த பதிவுகளைச் சேர்த்துச் சதவீதம் கண்டன. பதிவுகள் ஆயிரக்கணக்கில் குவிந்தால் இது நல்ல வழி. கையளவு பதிவுகளை வைத்துச் சொல்வது ஆபத்து. ஒரு சதவீத வாய்ப்புள்ள பொருளுக்காக நூறு முறை முயன்றாலும், ஏறத்தாழ 37 சதவீதம் பேருக்கு அது ஒருமுறைகூடக் கிடைக்காது. இருபதாவது முயற்சியில் கிடைத்தவரோ ஐந்து சதவீதம் என்று எழுதிவிடுகிறார். கிடைக்காதவர் பெரும்பாலும் எழுதுவதே இல்லை.

நிறுவனமே வாய்ப்புகளை வெளியிட்டால் தீர்ந்ததா? 'மேபிள்ஸ்டோரி' கேமில் பணம் கொடுத்து வாங்கும் 'கியூப்' தரும் பலன்களின் வாய்ப்பைச் சொல்லாமல் மாற்றியதாக, தென் கொரியாவின் நியாய வர்த்தக ஆணையம் 2024 ஜனவரியில் நெக்ஸான் நிறுவனத்துக்குச் சுமார் 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. ஆட்டக்காரர்கள் ஆசைப்பட்ட சில சேர்க்கைகள் வரவே வராதபடி அமைத்திருந்ததும் அதில் அடக்கம். இல்லாத ஒன்றுக்காக மக்கள் பணம் கட்டியிருக்கிறார்கள்! அதே ஆண்டு மார்ச்சில் வாய்ப்பு விவரங்களை வெளியிடுவது அங்கே சட்டப்படி கட்டாயமானது.

இப்போது இயந்திரங்களும் நகலெடுக்கின்றன. 2023 ஜூலையில் வார்கிராஃப்ட் ரசிகர்கள், 'குளோர்போ' என்ற இல்லவே இல்லாத அம்சம் கேமில் சேர்ந்துவிட்டதாக வேண்டுமென்றே பேசிக்கொண்டார்கள். தானியங்கிக் கட்டுரைகள் வெளியிட்ட ஒரு தளம் அதை அப்படியே செய்தியாக்கியது.

அக்கறையுள்ள தொகுப்பாளர்கள் இடம் மாறினாலும் பழைய பிழைகள் பின்தொடர்கின்றன. ரூன்ஸ்கேப் விக்கியை எழுதியவர்கள் 2018-இலும், மைன்கிராஃப்ட் விக்கியை எழுதியவர்கள் 2023-இலும், ரசிகர் விக்கிகளுக்கு இடம்தரும் ஃபேண்டம் தளத்தை விட்டு வெளியேறினார்கள். பழைய பிரதிகள் அங்கேயே நிற்கின்றன. கேம் அப்டேட் ஆகிக்கொண்டே போக, தேடுபொறி வழியாக வருகிறவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று தெரியாமலே ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு போகிறார். சிலர் அதைத் தங்கள் தளத்திலும் போடுகிறார்கள்.