கைக்காசில் ஓடும் தொழில்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்தில் பதினெட்டு, பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு மாதச் சம்பளம் உண்டு, ஷிப்டுக்குப் பேருந்து உண்டு, பெரும்பாலும் தங்க இடமும் உண்டு. அத்தடத்தின் வல்லம் வடகாலில் மாநில அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட் சுமார் 706 கோடி ரூபாயில் கட்டி, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, 18,720 பேர் தங்கக்கூடிய விடுதி இந்த ஏற்பாட்டின் அளவைக் காட்டுகிறது. இந்த ஏற்பாட்டின் குறைகள் தனியே பேசப்பட வேண்டியவை. ஆனால் அதே வயதில், முற்றிலும் எதிரான விதிகளின்கீழ் ஒரு பெண் தொடங்கும் தொழிலோடு வைத்துப் பார்க்கும்போதுதான், சம்பளம் என்ற ஒன்று எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது விளங்கும். அந்தத் தொழில் டென்னிஸ்.

தொழில்முறை டென்னிஸில் ஆட்டக்காரருக்கு முதலாளி கிடையாது. பயிற்சியாளரின் ஊதியம், விமானக் கட்டணம், விடுதி வாடகை, மட்டைக்கு நரம்பு கட்டும் கூலி வரை அவரே கொடுக்க வேண்டும். ஆதரவாளர் இல்லாவிட்டால் வரவு பரிசுத்தொகை மட்டுமே. மகளிர் போட்டிகளில் கடைசிப் படி 'டபிள்யூ15' எனப்படுகிறது. மொத்தப் பரிசு 15,000 டாலர் என்பதே அதன் பொருள். அதில் பட்டம் வெல்பவருக்கு வரிக்கு முன் சுமார் 2,350 டாலர் கிடைக்கும். முதல் சுற்றில் தோற்றால் ஏறத்தாழ 150 டாலர், அதாவது அந்த வாரத்து அறை வாடகைக்கே போதாத தொகை. வெற்றிக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளிகளும் 52 வாரங்களில் காலாவதியாகிவிடுவதால், காயம்பட்டோ காசில்லாமலோ வீட்டில் இருப்பவர் ஆடித் தோற்காமலேயே கீழே இறங்கிக்கொண்டிருப்பார்.

தமிழ்நாட்டிலிருந்து இந்தப் படிகளில் முதலில் வெகுதூரம் ஏறியவர், 1976இல் கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன். ரஞ்சிக் கோப்பை கிரிக்கெட் ஆடிய தந்தை கே.எஸ். வைத்தியநாதனே மகளுக்கு முதல் பயிற்சியாளர். இந்திய டென்னிஸில் குடும்பமே நிறுவனமாக இருந்த காலம் அது, இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. நிருபமா தம் தன்வரலாற்றுக்கு வைத்துக்கொண்ட 'தி மூன்பாலர்' என்ற பெயர், பந்தை வலைக்கு மேலே மிக உயரமாகத் தூக்கி, முன்சுழற்சியோடு எதிராளியின் கடைக்கோட்டருகே இறக்கும் ஆட்டமுறையைக் குறிப்பது. அப்படி இறங்கும் பந்து தோளுயரத்துக்கு எழும்புவதால், வலுவாக அடிப்பவர்கூடப் பின்வாங்க வேண்டிவரும், அல்லது அவசரப்பட்டுத் தவறு செய்ய வேண்டிவரும். பார்வையாளருக்குச் சலிப்பூட்டும் உத்திதான். ஆனால் உடல்வலுவையும் விலையுயர்ந்த பயிற்சியையும் பொறுமையால் ஈடுகட்ட வேண்டியவருக்கு அதைவிடச் சிக்கனமான ஆயுதம் கிடையாது.

1997இல் அவர் ஒற்றையர் தரவரிசையில் 134ஆம் இடத்தை எட்டினார். 1998 ஜனவரியில், ஆஸ்திரேலிய ஓபன் பிரதானச் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை வென்று, ஓபன் காலகட்டத்தில், அதாவது தொழில்முறை ஆட்டக்காரர்களும் அனுமதிக்கப்பட்ட 1968க்குப் பின், கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் ஆட்டம் ஒன்றில் வென்ற முதல் இந்தியப் பெண்ணானார். அதே ஆண்டு செப்டம்பரில்தான் ஸ்ரீபெரும்புதூர் அருகேயுள்ள இருங்காட்டுக்கோட்டை ஆலையின் முதல் காரான சான்ட்ரோவை ஹூண்டாய் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தத் தொழில் தடத்துக்குப் பணம் வந்து சேர்வதற்குள் நிருபமாவின் கடினமான ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. அடுத்த தலைமுறையில் ஹைதராபாத்தின் சானியா மிர்சாவுக்குச் சிறுவயதிலேயே ஜி.வி.கே. குழுமத்தின் ஆதரவு கிடைத்தது. அவர் 2007இல் 27ஆம் இடத்தை எட்டினார். திறமையின் பங்கை இது குறைத்துவிடாது என்றாலும், அந்த இடைவெளியைத் திறமை ஒன்றைக் கொண்டே விளக்குவது நேர்மையாகாது.

கோவையின் மாயா ராஜேஸ்வரன் 2025 பிப்ரவரியில், 15 வயதில், மும்பை ஓபனின் தகுதிச்சுற்றிலிருந்து அரையிறுதிவரை முன்னேறி, பட்டம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜில் டைக்மனிடம் தோற்றார். வயதுவரம்பு விதியின்படி 15 வயதுப் பெண் ஆண்டில் அடிப்படையாக 10 தொழில்முறைப் போட்டிகளே ஆடலாம். சிறுமிகள் உடலும் மனமும் சோர்ந்து ஒதுங்கிவிடாமலிருக்கக் கொண்டுவரப்பட்ட விதி அது. நல்ல விதிதான், ஆனால் வரவைக் கட்டுப்படுத்தும் அது பயிற்சிச் செலவைக் குறைப்பதில்லை.

அந்தச் செலவில் பங்கேற்க நிறுவனங்களுக்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடக் கோருகிறது; ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி அப்பணிகளின் பட்டியலில் உள்ளது. விளம்பர லாபத்துக்கான ஆதரவு அதில் சேராது. வெளிநாட்டுச் செலவும் பொதுவாகச் சேராது என்றாலும், தேசிய அளவில் மாநிலத்துக்காகவோ சர்வதேச அளவில் நாட்டுக்காகவோ ஆடுவோரின் பயிற்சிக்கு மட்டும் 2021இல் திருத்தப்பட்ட விதிகள் விலக்கு அளித்திருக்கின்றன. ஒரகடத்து நிறுவனங்களின் அதிகாரிகள் தம் அடுத்த ஆண்டுத் திட்டத்தை வகுக்கும்போது அந்த விலக்கைப் படித்துப் பார்க்க வேண்டும்.