மொத்தம் கூடியிருக்கு… ஆனா கம்பெனி வளர்ந்திருக்கா? தோணிரேவு படகிலிருந்து ஒரு பேலன்ஸ் ஷீட் பாடம்!

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவில் ஒரு மீனவக் குடும்பத்தின் சொத்து என்ன என்று கேட்டால் ஃபைபர் படகு, இன்ஜின், வலை, ஐஸ் பெட்டி, வீட்டில் கொஞ்சம் நகை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பங்குச்சந்தையில் இருக்கும் பெரிய கம்பெனிக்கும் பட்டியல் இப்படித்தான். என்ன, கோடிகளில் இருக்கும். ஷேர் வாங்கும் பலரும் 'போன வருஷத்தைவிட சொத்து கூடியிருக்கே' என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எது கூடியிருக்கு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பத்திடம் மொத்தம் 4 லட்ச ரூபாய் சொத்து. படகும் இன்ஜினும் 2 லட்சம், வலை 60,000, நகை 1 லட்சம், மீன் வியாபாரி தரவேண்டிய பாக்கி 20,000, கையில் ரொக்கம் 20,000. ஐந்து வருஷம் கழித்து மொத்தம் 5 லட்சம் ஆகிவிட்டது. வளர்ச்சிதானே? பிரித்துப் பாருங்கள். படகு அதே 2 லட்சம், வலை 50,000, நகை 30,000, ரொக்கம் 20,000. வியாபாரி பாக்கி மட்டும் 2 லட்சம்! முன்பு மொத்தத்தில் 5 சதவிகிதமாக இருந்த பாக்கி இப்போது 40 சதவிகிதம். வலை கிழிந்திருக்கு, நகை கரைந்திருக்கு, பணம் அடுத்தவர் கையில் மாட்டியிருக்கு. (நிஜத்தில் பெரும்பாலும் மீனவர்தான் வியாபாரிக்குக் கடன்பட்டிருப்பார். இது கணக்கு புரிவதற்காக!)

கம்பெனிக்கும் இதையேதான் செய்யவேண்டும். ஒவ்வொரு வகைச் சொத்தையும் மொத்தச் சொத்தால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். ஐந்து வருஷத்துக்கு அந்தச் சதவிகிதங்களைப் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வருஷத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் கம்பெனி எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

தோணிரேவுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ஏரிக்குத் தெற்கே இருக்கிறது. காட்டுப்பள்ளி துறைமுகம். அதைக் கட்டியது எல் அண்ட் டி. 2018 ஜூனில் துறைமுகத்தின் 97 சதவிகிதப் பங்கை சுமார் 1,950 கோடி ரூபாய் மதிப்பில் அதானி போர்ட்ஸ் வாங்கியது. பக்கத்திலேயே இருக்கும் கப்பல் கட்டும் தளத்தை எல் அண்ட் டி தன்னிடமே வைத்துக்கொண்டது. துறைமுகம் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. ஒரு கம்பெனியின் கணக்கிலிருந்து இன்னொன்றின் கணக்குக்கு இடம்மாறிவிட்டது, அவ்வளவுதான்.

எல் அண்ட் டி ஏன் விற்றது? பணத்தைப் பல வருஷம் முடக்கும் சொத்துகளைக் குறைக்க வேண்டும் என்பது அப்போது அவர்களே வெளிப்படையாகச் சொன்ன திட்டம். 2020-ல் தன் மின்சாதனப் பிரிவையும் ஷ்னைடர் நிறுவனத்துக்கு 14,000 கோடி ரூபாய்க்குக் கொடுத்தது. இப்படிப்பட்ட கான்ட்ராக்ட் கம்பெனியில் கட்டடம், இயந்திரத்தைவிட 'வரவேண்டிய பாக்கி'யைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். இன்னொரு சூட்சுமம்: குழுமத்தின் ஒருங்கிணைந்த கணக்கில் அதன் நிதி நிறுவனம் கொடுத்த கடன்களும் சொத்தாக வந்து உட்கார்ந்திருக்கும். அதனால் தனிக் கணக்கு, ஒருங்கிணைந்த கணக்கு இரண்டையும் பாருங்கள். கலந்துவிட்டால் சதவிகிதம் எல்லாம் குழம்பிவிடும்.

அதானி போர்ட்ஸ் போனது நேர் எதிர்த் திசையில். 2020-ல் வடக்கே கிருஷ்ணபட்டினம், 2023-ல் தெற்கே காரைக்கால் என்று துறைமுகங்களை வாங்கிச் சேர்த்தது. வாங்கி வளரும் கம்பெனியில் 'குட்வில்' என்ற வரியைத் தேடுங்கள். தனித்தனியாக அடையாளம் காணக்கூடிய சொத்துகளின் மதிப்பிலிருந்து கடன்களைக் கழித்தபின் வரும் தொகைக்கு மேல் எவ்வளவு கொடுத்து வாங்கினார்கள் என்பதை அது காட்டும். வாங்கிய தொழில் எதிர்பார்த்தபடி ஓடவில்லை என்றால் அந்தத் தொகையை வெட்ட வேண்டியிருக்கும். அடுத்தது 'நடப்பிலுள்ள மூலதனப் பணி'. பாதி கட்டிய வீடு மாதிரி. பணம் போய்க்கொண்டே இருக்கும், வாடகை வராது. இந்த வரி மூன்று, நான்கு வருஷம் அப்படியே வீங்கிக்கிடந்தால் ஏன் முடியவில்லை என்று கேட்கவேண்டும்.

இந்த வரி ஷேர் வைத்திருப்பவருக்கு மட்டும் முக்கியம் இல்லை. காட்டுப்பள்ளி துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் பல வருஷமாக நிலுவையில் இருக்கிறது. அதில் கிட்டத்தட்ட 2,000 ஏக்கர், கடலை நிரப்பி எடுப்பது. வேலைவாய்ப்பு வரும் என்கிறது நிறுவனம். கரை அரிக்கும், முகத்துவாரம் அடைபடும், மீன் போய்விடும் என்கிறார்கள் பழவேற்காட்டு மீனவர்கள். 2021 ஜனவரி, 2023 செப்டம்பர் என இரண்டு முறை அறிவிக்கப்பட்ட பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் இரண்டு முறையும் நடக்காமல் நின்றது.

திட்டம் நிறைவேறினால் அங்கே எழும் தளங்கள் எல்லாம் பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாக ஏறும். எந்தக் கணக்கிலும் ஏறாத சொத்து ஒன்று ஏரியில் இருக்கிறது. 'பாடு' என்பார்கள். எந்த இடத்தில், யார், எப்போது வலை போடலாம் என்று ஊர்கள் முறைவைத்துக் காத்துவரும் உரிமை. படகைவிடப் பெரிய சொத்து அதுதான். ஆனால் அதற்கு ரூபாய் மதிப்பு போட்ட ஆடிட்டர் யாரும் இல்லை. என்னைக் கேட்டால், பேலன்ஸ் ஷீட்டின் பெரிய ஓட்டை இதுதான்.

பழவேற்காட்டுக்குக் கம்பெனி ஒன்றும் புதுசு இல்லை. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1613-ல் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, துணி வியாபாரத்தில் கொழித்தது. 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டு போனது. கம்பெனி தன் சொத்தை இடம் மாற்றலாம். ஏரியை யாரும் நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை.

ஆண்டறிக்கைகள் கம்பெனி இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பளபள போட்டோக்களைத் தாண்டி, பின்பக்கம் இருக்கும் 'குறிப்புகள்' பகுதிக்குப் போங்கள். நிலம், கட்டடம், குத்தகை உரிமை, முடியாத பணி எல்லாம் அங்கேதான் தனித்தனியாக இருக்கும். ஐந்து வருஷ அறிக்கை, ஒரு கால்குலேட்டர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.