இந்த ஆண்டு எத்தனை பறவை?

ஜனவரி 1ஆம் தேதி காலையில் எல்லாருடைய கணக்கும் பூஜ்யம். சன்னலுக்கு வெளியே வந்து உட்காரும் மைனாவைப் படமெடுத்தால் ஒன்று. புளோக்குக்குக் கீழே புல்தரையில் மேயும் புள்ளிப்புறா இரண்டு. காப்பிக்கடை மேசையில் மிச்சம் தேடும் காகம் மூன்று. முந்தைய நாள்வரை யாரும் திரும்பிப் பார்க்காத பறவைகளுக்கு அன்று தனி மரியாதை வந்துவிடுகிறது.

ஓராண்டுக்குள் எத்தனை பறவை இனங்களைப் படமெடுத்தோம் என்று எண்ணிவைப்பது பறவை ஆர்வலர்களிடம் உள்ள பழக்கம். டிசம்பர் 31ஆம் தேதியோடு கணக்கு முடியும். மறுநாள் மீண்டும் மைனாவிலிருந்து தொடங்கவேண்டும். குடும்பமாகச் செய்யலாம், தனியாகவும் செய்யலாம். கட்டணம் இல்லை, போட்டியாளர் இல்லை, விதிகளை நாமே வகுத்துக்கொள்ளலாம்.

இதையே பெரிய அளவில் செய்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் இதற்கு ‘பிக் இயர்’ என்று பெயர். அதே பெயரில் 2011ல் ஹாலிவுட் நகைச்சுவைப் படம்கூட வந்தது. அமெரிக்கரான நோவா ஸ்ட்ரைக்கர் 2015ல் 41 நாடுகளைச் சுற்றி 6,042 இனங்களைக் கணக்கில் சேர்த்தார். அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் ஆர்யன் ட்வார்ஷுயிஸ் 6,800ஐத் தாண்டினார். உலகில் உள்ள பறவை இனங்கள் மொத்தம் ஏறத்தாழ 11,000 என்பதை நினைத்தால் அந்த வேகம் புரியும்.

வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் நமக்கு அந்த ஓட்டம் தேவையில்லை. சிங்கப்பூரில் மட்டும் இதுவரை 400க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. ஒரு தீவு நகரத்துக்கு இது பெரிய எண்.

ஒன்றல்ல, இரண்டு பட்டியல்

தொடங்குபவர்கள் முதலில் செய்யவேண்டியது, பட்டியலை இரண்டாகப் பிரிப்பது. வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எடுத்தவை ஒன்றில். பயணத்தில் எடுத்தவை இன்னொன்றில்.

காரணம் எளிது. நான்கு நாள் மலைப் பயணத்தில், வீட்டருகே பல மாதங்களில் சேர்ந்ததைவிட அதிக இனங்கள் கிடைத்துவிடலாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால் வீட்டருகே எடுத்த பறவைகள் அந்த எண்ணிக்கையில் காணாமல் போய்விடும். பிறகு விமானச் சீட்டு எடுத்தால்தான் பறவை பார்க்கமுடியும் என்ற எண்ணம் வந்துவிடும். உண்மையில், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவருக்குத்தான் பறவைகளைப் பற்றி அதிகம் தெரியவரும்.

படம் இருந்தால்தான் கணக்கு என்பது அடுத்த விதி. குரல் மட்டும் கேட்டால் சேராது. இது கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இரவில் கட்டையைத் தட்டுவதுபோல் ‘தொக், தொக்’ என்று விடாமல் குரல் கொடுக்கும் பக்கியைப் படமெடுக்க முயன்றவர்களுக்கு அந்த விதியின் கடுமை தெரியும். பகலில் அது காய்ந்த சருகுகளுக்கு நடுவே சருகாகவே கிடக்கும்.

கூண்டுப் பறவை சேராது. மண்டாயில் உள்ள ‘பேர்ட் பாரடைஸ்’ படங்களும் சேரா. பிள்ளைகள் இதற்கு மறுப்புச் சொல்வார்கள், விட்டுக்கொடுக்கவேண்டாம்.

அக்கம்பக்கத்தில் யார் யார்?

வீவக பேட்டையில் ஒரு காலை நடையில் பத்துப் பதினைந்து இனங்களைப் பார்த்துவிடலாம். மாங்குயில், சின்னான், பச்சைப்புறா, மீன்கொத்தி, தையல்சிட்டு, தாழ்வாரத்துப் பூந்தொட்டியில் கூடு கட்டும் தேன்சிட்டு ஆகியவை அவற்றுள் சில. பெயர் தெரிந்த பிறகு, ஒவ்வொன்றின் கதையும் தெரியவரும்.

ஜாவா மைனாவை எடுத்துக்கொள்வோம். இந்தத் தீவில் அதிகம் கண்ணில்படும் பறவைகளில் ஒன்று இது. ஆனால் சொந்த ஊர் இதுவல்ல. 1920களில் கூண்டுப் பறவையாக வந்து, தப்பி, பெருகியது. ஜாவாவிலோ, கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடித்துப் பிடித்தே அதன் எண்ணிக்கை குறைந்துபோனது. பிறந்த மண்ணில் ஆபத்தில் இருக்கும் பறவை, இங்கே நம் சாப்பாட்டுத் தட்டுக்குக் காத்திருக்கிறது.

காகத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. மலாயாவின் கிள்ளான் பகுதியில் காப்பித் தோட்டங்களைத் தின்ற புழுக்களை ஒழிக்க, 19ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் இலங்கையிலிருந்து காகங்கள் கொண்டுவரப்பட்டன. தோட்ட வேலைக்கு நம் முன்னோரைக் கப்பலேற்றிய அதே காலம் அது. காப்பித் தோட்டங்கள் போய்விட்டன, காகம் நின்றுவிட்டது.

காகத்தைத் தொடர்ந்து குயிலும் இங்கு பெருகியது. விடிவதற்கு முன்பே உரக்கக் கூவி அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைக் கெடுக்கும் பறவை, நம் திரைப்பாடல்களில் வரும் அதே குயில்தான். கூவுவது கறுப்பு ஆண். பெண் பறவை பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு வேறொரு இனம்போலத் தோன்றும். அது தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இட்டுவிட்டுப் போய்விடும். ஆண், பெண் இரண்டையும் படமெடுத்தாலும் பட்டியலில் எண் ஒன்றுதான். ஆனால் இரண்டையும் அடையாளம் கண்டவர் அதற்குப்பின் குயிலைத் தவறவிடமாட்டார்.

செப்டம்பர் வந்ததும் பட்டியல் மறுபடி வளரத் தொடங்கும். வடக்கே குளிர் கூடுவதால் பறவைகள் தெற்கே இறங்கும் காலம் இது. நீலவால் பஞ்சுருட்டான்கள் உச்சிக்கிளையில் வந்தமர்ந்து, பறக்கும் தேனீயைப் பிடித்து, கிளையில் அடித்துத் தின்னும். சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் குஞ்சு பொரித்த பொன்னிற உப்புக்கொத்திகள் சுங்கை பூலோ சேற்றில் ஓடித்திரியும். உள்ளான்களும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். அந்தச் சதுப்புநிலம் 2002ல் இயற்கை வனப்பகுதியாகச் சட்டப்பாதுகாப்புப் பெற்றது. வலசைப் பறவைகளைப் பார்க்க செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். கடல் ஏறும்போது பறவைகள் கரையை நெருங்கிவரும் என்பதால் கடலேற்ற நேரத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

மகிழ்ச்சி தரும் வரவுகளும் உண்டு. இருவாச்சி சிங்கப்பூரிலிருந்து நூறாண்டுக்கும் மேலாகக் காணாமல் போயிருந்தது. 1994ல் புலாவ் உபினில் ஒரு சோடி தென்பட்டது. பிறகு அவற்றுக்குச் செயற்கைக் கூடுகள் அமைத்துக் கொடுத்தார்கள். இப்போது அடுக்குமாடி வீட்டுச் சன்னலில்கூட அந்தப் பெரிய அலகு எட்டிப்பார்க்கிறது.

அதே உபினில் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால் ‘ஸ்ட்ரா-ஹெடட் புல்புல்’ என்ற வைக்கோல் நிறத் தலையுள்ள சின்னானின் பாட்டு கேட்கும். அந்த இனிய குரல்தான் அதற்கு எமன். கூண்டில் வைத்துப் பாடவைக்க, வட்டாரமெங்கும் அதைப் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள். 2018ல் அது உலக அளவில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டது. இன்று அதற்கு மிஞ்சியுள்ள முக்கியப் புகலிடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. நம் வாரயிறுதி நடையில் எடுக்கும் ஒரு மங்கலான படம், உலகில் வேறெங்கும் எளிதில் எடுக்கமுடியாத படமாக இருக்கலாம்.

பயணப் பட்டியல்

பள்ளி விடுமுறைப் பயணத்தைப் பறவைக்காகவே திட்டமிட வேண்டியதில்லை. போகும் ஊரில் முதல் இரண்டு மணி நேரத்தை மட்டும் அதற்கு ஒதுக்கினால் போதும்.

பகாங்கின் பிரேசர் மலை, பறவை ஆர்வலர்களுக்கு நன்கு பழகிய இடம். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் குளிர்காற்று வாங்கிக்கொண்டே, சமவெளியில் பார்க்கவே முடியாத பறவைகளைச் சாலையோரத்திலேயே பார்க்கலாம். பேராக்கின் பெலும்-தெமெங்கோர் காட்டில் மலேசியாவின் 10 இருவாச்சி இனங்களும் உள்ளன.

டிசம்பரில் தமிழகம் செல்பவர்கள் வேடந்தாங்கலைத் தவறவிடக்கூடாது. சென்னையிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நீர்க்கடம்ப மரங்கள் முழுக்கக் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டியிருக்கும். மழை பொய்த்த ஆண்டில் ஏரி வறண்டு, பறவைகளும் குறைந்துவிடும். ஆகவே போவதற்குமுன் ஏரியில் தண்ணீர் உள்ளதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊர் மக்கள் 200 ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை.

இத்தகைய பயணத்தில் பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகள் செயலியில் தேடும் பறவைக்குத் தாத்தா, ‘இது செம்போத்து’ என்று ஒரே நொடியில் பெயர் சொல்லிவிடுவார். சிங்கப்பூருக்குத் திரும்பியதும் அதே செம்போத்தைப் புதரோரத்தில் பார்க்கும்போது, அந்தப் பெயர் பிள்ளையின் நாவில் தானாக வரும்.

எண்ணுக்காக எதையும் செய்யலாமா?

இந்தப் பொழுதுபோக்கில் ஓர் ஆபத்து உண்டு. எண்ணிக்கை ஏறவேண்டும் என்ற ஆசையில் சிலர் இரை போட்டுப் பறவையை வரவழைக்கிறார்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு ஏமாற்றுகிறார்கள். கூட்டை மறைக்கும் இலைகளை ஒடித்து, படத்துக்கு வழி செய்கிறார்கள்.

இலை போனால் வெயிலும் காகமும் குஞ்சைத் தேடிவரும். போலிக் குரலைக் கேட்ட ஆண் பறவை, இல்லாத எதிரியைத் தேடி அலைந்து, இரை தேடும் நேரத்தை இழக்கும். சிங்கப்பூரில் வனவிலங்குகளுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம். முதல்முறை பிடிபட்டால் 5,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கப்படலாம். இரை போடுவதும் இதில் அடங்கும்.

கூட்டையோ பகலில் உறங்கும் ஆந்தையையோ கண்டால், இடத்தின் பெயரோடு சமூக ஊடகத்தில் பதிவேற்றாதீர்கள். மறுநாள் அந்த மரத்தடியில் ஐம்பது முக்காலிகள் நிற்கும். பறவை நம்மைப் பார்த்து நிமிர்ந்து, செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினால் நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள். இரண்டடி பின்வாங்குங்கள். படம் சிறியதாக வந்தாலும் கணக்கில் சேரும்.

தொடங்க என்ன வேண்டும்?

கைப்பேசிக் கேமரா புறாவுக்கும் மைனாவுக்கும் போதும். அதற்குமேல் போக, வில்லையை மாற்றத் தேவையில்லாத, தொலைவை இழுத்துக் காட்டும் கேமரா ஒன்று குடும்பத்துக்கே போதுமானது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/1000 நொடி வேகம், பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி வேகம் என்று வைத்துப் பழகுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். நம் ஊரில் காலை 7 மணிக்கு மேல் 9.30 வரை வெளிச்சமும் இதமாக இருக்கும், பறவைகளும் சுறுசுறுப்பாக இருக்கும்.

அழகான படம் என்பதைவிட அடையாளம் தெரியும் படம் முக்கியம். அலகு, கண்ணைச் சுற்றிய நிறம், வால், கால் ஆகியவை தெரிந்தால் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் ‘மெர்லின்’ செயலி இலவசமாகவே படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும். ஆனால் அது சொல்வதை அப்படியே ஏற்காமல், அந்தப் பறவை இந்த ஊரில், இந்த மாதத்தில் இருக்கக்கூடியதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

பெயர், தேதி, இடம் ஆகிய மூன்றையும் அன்றைக்கே எழுதிவிடவேண்டும். படக் கோப்பில் தேதியும் நேரமும் தானாகப் பதிவாகியிருக்கும் என்பதால் மறந்தாலும் மீட்டெடுக்கலாம். அதே ஆய்வகம் 2002 முதல் நடத்திவரும் ‘இபேர்ட்’ தளத்தில் பதிந்தால், ஆண்டுக் கணக்கை அது தானே கூட்டித் தரும். நம் பதிவுகள் ஆய்வாளர்களுக்கும் பயன்படும். தேசியப் பூங்காக் கழகம் பொதுமக்களைக் கொண்டு பூங்காக்களில் பறவைகளை எண்ணும் நிகழ்ச்சிகளை நடத்துகிறது. புதியவர்களுக்கு அது நல்ல தொடக்கம்.

பட்டியல் சொல்லும் சேதி

முதல் ஆண்டில் பட்டியல் வெறும் எண்தான். இரண்டாம் ஆண்டு முடிவில் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பஞ்சுருட்டான் போன ஆண்டு எந்த வாரம் வந்தது, இந்த ஆண்டு எப்போது வந்தது என்று தெரியும். புதிய கட்டுமானத்துக்காக வேலி போடப்பட்ட புல்வெளியில் அதன்பின் எந்தப் பறவையின் பெயர் எழுதப்படவில்லை என்பதும் தெரியும். புதிதாக நட்ட மரங்கள் பூத்ததும் எந்தத் தேன்சிட்டு வந்தது என்பதும் அதே தாளில் இருக்கும்.

பயணப் பட்டியல் நாம் போன இடங்களைச் சொல்லும். வீட்டருகே எடுத்த பட்டியல், நாம் வாழும் இடத்துக்கு என்ன நேர்கிறது என்று சொல்லும். ஒரு பறவை வருவதை நிறுத்திவிட்டது என்று சொல்ல, முதலில் அது வந்துகொண்டிருந்தது என்பதை யாராவது எழுதிவைத்திருக்கவேண்டும். அந்த வேலையை நம் பேட்டையில் வசிக்கும் ஒருவர்தான் செய்யமுடியும்.

இதற்கு அடுத்த ஜனவரிவரை காத்திருக்க வேண்டியதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை புளோக்குக்குக் கீழே இறங்கி, முதலில் கண்ணில்படும் மைனாவிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.