காவலை விட்ட மந்திரி

1892ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். கியூபாவின் தலைநகரான ஹவானாவில், உலகச் சதுரங்கப் பட்டத்திற்கான போட்டி முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. முதலில் 10 ஆட்டங்களில் வெல்பவருக்கே பட்டம் என்பது விதி. உலகச் சாம்பியன் வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் 9 வெற்றிகளும், அவரை எதிர்த்த ரஷ்ய வீரர் மிகைல் சிகோரின் 8 வெற்றிகளும் பெற்றிருந்த நிலையில் 23ஆம் ஆட்டம் தொடங்கியது. சிகோரின் வென்றால் இருவரும் சமநிலை அடைவர். தோற்றால் போட்டி அன்றே முடிந்துவிடும்.

வெள்ளைக் காய்களுடன் ஆடிய சிகோரின், ‘கிங்ஸ் கேம்பிட்’ என்னும் தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். இரண்டாம் நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைப் பலியாகக் கொடுக்க முன்வந்து, அதற்கு ஈடாகத் தாக்குதலுக்கான வழிகளைத் திறந்துகொள்ளும் துணிகரமான முறை அது. நடு ஆட்டத்தில் அவர் எதிரியின் குதிரை ஒன்றை வென்று, ஒரு காய் மிகுதியாகப் பெற்றார். ஸ்டைனிட்ஸுக்கு எஞ்சியிருந்த நம்பிக்கை, வெள்ளையின் இரண்டாம் வரிசைக்குள் புகுந்துவிட்ட இரு யானைகள் மட்டுமே. மூலையில் ஒதுங்கியிருந்த வெள்ளை ராஜாவின் முன்னால் ஒரு சிப்பாய் நின்றது. அந்தச் சிப்பாயைத் தொலைவிலிருந்து சாய்வுக் கோட்டில் காத்து நின்றது ஒரு மந்திரி.

32ஆம் நகர்த்தல் வந்தது. யானையால் எதிரியின் சிப்பாய் ஒன்றை வெட்டியிருந்தால் வெற்றி சிகோரினுக்கே என்பது பின்வந்த ஆய்வாளர்களின் முடிவு. அவரோ மந்திரியை எடுத்து, ஸ்டைனிட்ஸின் யானை ஒன்றைத் தாக்கும் கட்டத்தில் வைத்தார். உடனே மற்றொரு யானை, காவலிழந்த சிப்பாயை வெட்டி ராஜாவுக்குச் செக் வைத்தது. அடுத்த நகர்த்தலில் செக்மேட் உறுதி என்பதைக் கண்ட சிகோரின் தோல்வியை ஒப்புக்கொண்டார். பட்டம் ஸ்டைனிட்ஸிடமே தங்கியது. 1908இல் மறையும்வரை, சிகோரினுக்கு மற்றொரு உலகப் பட்டப் போட்டி வாய்க்கவில்லை.

அந்த நகர்த்தலைத் தனியே எடுத்துப் பார்த்தால் அது தாக்குதலாகவே தோன்றும். மந்திரி புதிய இடத்தில் என்ன செய்யும் என்பது தெளிவாகத் தெரிந்தது. பழைய இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் பார்வைக்குத் தப்பியது. பல நகர்த்தல்களாக அசையாது நின்ற காய், வேலையின்றி நிற்பதாகத் தோன்றுவது இயல்பே. ஆகவே, சதுரங்கம் பயில்வோர் ஒரு காயைத் தொடுமுன் ‘இது இப்போது எதைக் காக்கிறது?’ என்று கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அக்கேள்வி இன்னும் அவசியமாகிறது. மனம் எச்சரிக்கையைத் தளர்த்துவது அப்போதுதான்.

நம் இல்லக் கணக்கிலும் இத்தகைய காய்கள் உண்டு. மருத்துவச் செலவுக்கென ஒதுக்கிய வைப்புத்தொகையும், ஆண்டுதோறும் கட்டும் காப்பீட்டுத் தவணையும் பயனின்றிக் கிடப்பதுபோல் தோன்றலாம். கூடுதல் வருவாய் தரும் வேறோர் இடம் கண்ணில் படும்போது, அதை நோக்கி அவற்றை நகர்த்த மனம் விழையும். நகர்த்துவது தவறன்று. அவை இதுவரை காத்துவந்ததை இனி எது காக்கும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்வோம்.